மூளை வலையமைப்புகளின் ஊடாட்டத்தை எஃப்.எம்.ஆர்.ஐ தரவிலிருந்து மொடல் செய்வது எப்படி: கொழும்பு மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கொழும்பில் மருத்துவமோ கணினியோ புள்ளிவிபரவியலோ படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளில் மூளை ஆராய்ச்சியில் ஆர்வமுள்ளவர்கள் நிறையப் பேர். எஃப்.எம்.ஆர்.ஐ என்பது மூளையின் செயற்பாட்டை எம்.ஆர்.ஐ ஸ்கானரில் தொடர்ச்சியாகப் படம்பிடிக்கும் முறை. ஆனால் ஸ்கானர் என்றவுடன் பலர் பின்வாங்கிவிடுகிறார்கள். இங்குள்ள எம்.ஆர்.ஐ இயந்திரங்களின் முன் நோயாளிகளின் வரிசையே நீளமாக இருக்கும்போது, ஆராய்ச்சிக்கு மணிக்கணக்கில் நேரம் எங்கே கிடைக்கும் என்ற கவலை நியாயமானதுதான். ஆனால் இந்த வேலையைத் தொடங்க உங்களுக்கு ஸ்கானர் தேவையில்லை. உலகின் பல ஆய்வுகூடங்கள் எடுத்த தரவு இலவசமாகக் கிடைக்கிறது, மென்பொருளும் அப்படியே. வெள்ளவத்தையில் ஒரு சின்ன அறையில் சாதாரண லப்டொப்பை வைத்துக்கொண்டே, மூளையின் பெரிய வலையமைப்புகள் ஒன்றையொன்று எப்படிப் பாதிக்கின்றன என்று கணக்கிட முடியும்.

உயர்தரக் கணிதம் அளவுக்குப் புள்ளிவிபரமும் கொஞ்சம் பைதனும் தெரிந்தால் போதும். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பகுதி இன்னொன்றைப் பாதிக்கிறது என்று மொடலில் காட்டும் அம்புக்குறி மூளையிலிருந்து நேரடியாக வருவதில்லை. தரவும் நீங்கள் வைத்த அனுமானங்களும் சேர்ந்துதான் அந்த அம்பை வரைகின்றன. ஒவ்வொரு படியிலும் எந்த அனுமானம் உள்ளே நுழைகிறது என்று கவனித்துக்கொண்டே வாருங்கள்.

படி 1: எதை அளக்கிறோம் என்று விளங்கிக்கொள்வது

ஜப்பானிய விஞ்ஞானி செய்ஜி ஒகாவா 1990 இல் காட்டிய விளைவுதான் எஃப்.எம்.ஆர்.ஐக்கு அடித்தளம். மூளையின் ஒரு பகுதியில் நரம்புக்கலங்கள் கூடுதலாக இயங்கும்போது, அவை செலவழிக்கும் ஒட்சிசனைவிட அதிகமான ஒட்சிசனோடு இரத்தம் அங்கே பாய்கிறது. ஒட்சிசன் இழந்த ஈமோகுளோபின் சுற்றியுள்ள காந்தப்புலத்தைக் கொஞ்சம் குலைக்கும். அதன் அளவு குறைந்ததும் சைகை உயர்கிறது. இதைத்தான் போல்ட் சைகை என்கிறோம்.

ஆக நாம் அளப்பது நரம்பின் வேலையை அல்ல, அதைத் தொடர்ந்து வரும் இரத்தத்தின் மாற்றத்தை. ஒரு கணநேரத் தூண்டலுக்குப் பிறகு இந்தச் சைகை உச்சத்துக்கு வர ஏறத்தாழ 5, 6 செக்கன்கள் ஆகும். அந்தத் தாமதம் எல்லாப் பகுதிகளிலும் ஒரே அளவும் இல்லை. நரம்புகள் மில்லிசெக்கன்களில் பேசுகின்றன, நாமோ பெரும்பாலும் 2 செக்கனுக்கு ஒரு படம் எடுக்கிறோம். பின்னால் வரும் சிக்கல்களில் பெரும்பகுதி இங்கிருந்துதான் தொடங்குகிறது.

படி 2: கேள்வியைச் சிறிதாக்குவது

'மூளை வலையமைப்புகள் எப்படித் தொடர்புகொள்கின்றன' என்பது மொடலுக்குக் கொடுக்கக்கூடிய கேள்வி அல்ல. அதை மூன்று, நான்கு முனைகளும் (மொடலில் ஒரு புள்ளியாக எடுக்கும் மூளைப் பகுதிகள் அல்லது வலையமைப்புகள்) ஒரு கருதுகோளும் கொண்ட கேள்வியாகச் சுருக்க வேண்டும்.

தொடங்குபவர்களுக்கு நான் பரிந்துரைப்பது மூன்று வலையமைப்புக் கேள்வி. ஓய்வாக இருக்கும்போதும் தன்னைப் பற்றி யோசிக்கும்போதும் இயங்குவது இயல்புநிலை வலையமைப்பு. பின்புற சிங்குலேட்டும் முன்மூளையின் நடுப்பகுதியும் அதன் முக்கிய இடங்கள். வெளிவேலையில் கவனம் செலுத்தித் தகவலை மனதில் பிடித்துவைப்பது நிறைவேற்று வலையமைப்பு. முன்மூளையின் மேற்பக்கவாட்டுப் பகுதியும் பின் பரைட்டல் பகுதியும் அதில் சேரும். எது முக்கியம் என்று தெரிவுசெய்வது முக்கியத்துவ வலையமைப்பு; முன் இன்சுலாவும் முன் சிங்குலேட்டும் அதன் மையங்கள்.

வினோத் மேனனும் சக ஆய்வாளர்களும் 2008 இல் முன்வைத்த கருத்து, வலது முன் இன்சுலாப் பகுதிதான் மற்ற இரண்டு வலையமைப்புகளுக்கும் இடையே ஆளியை மாற்றுகிறது என்பது. இதை உங்கள் கருதுகோளாக எடுத்துக்கொள்ளுங்கள்: 'வலது முன் இன்சுலாவிலிருந்து மற்ற இரண்டுக்கும் போகும் தாக்கம், அவற்றிலிருந்து இன்சுலாவுக்கு வரும் தாக்கத்தைவிட வலிமையானது.' இது பிழைக்கவும் கூடிய கூற்று. அதனால்தான் நல்ல கேள்வி.

படி 3: தரவு

ஓப்பன்நியூரோ என்ற களஞ்சியத்தில் ஆயிரக்கணக்கானோரின் மூல ஸ்கேன்கள் இருக்கின்றன. ஆனால் மூல ஸ்கேன் ஒருவருக்கே நூற்றுக்கணக்கான மெகாபைட் வரும். வீட்டு இணைய இணைப்பில் அதை இழுத்து எடுப்பதற்குள் மாதத்தின் டேட்டா முடிந்துவிடும். அதனால் முதல் பயிற்சிக்கு வேறு வழி.

2012 இல் வெளியான ஏபைட் என்ற தொகுப்பில் 17 இடங்களில் எடுத்த 1112 பேரின் ஓய்வுநிலைத் தரவு உண்டு. 539 பேர் ஓட்டிசம் உள்ளவர்கள், 573 பேர் ஒப்பீட்டுக் குழு. இதை நான்கு வெவ்வேறு மென்பொருள் வழிகளில் முன்கூட்டியே பதப்படுத்தி, மூளைப் பகுதிகளின் நேரத்தொடர்களை (நேரத்தோடு மாறும் சைகையின் இலக்க வரிசைகளை) மட்டும் தனி உரைக் கோப்புகளாகவும் வெளியிட்டிருக்கிறார்கள். ஒருவரின் கோப்பு மிகச் சிறியது. பைதனில் நைலேர்ன் நூலகத்தை நிறுவினால் ஒரே கட்டளையில் இறக்கிக்கொள்ளலாம்.

நியூயோர்க் பல்கலைக்கழகத்தில் எடுத்த பகுதியையும் ஒப்பீட்டுக் குழுவையும் மட்டும் தெரிவுசெய்யுங்கள். ஒரே ஸ்கானர், 2 செக்கனுக்கு ஒரு படம், ஒருவருக்கு ஏறக்குறைய 6 நிமிடம். பல இடங்களைக் கலந்தால் ஸ்கானர் வித்தியாசமும் மூளை வித்தியாசமும் பின்னிக்கொள்ளும். அந்தச் சிக்கலைப் பிறகு பார்க்கலாம்.

இதே தரவு நான்கு வடிவங்களில் கிடைக்கிறது: மீடிறன் வடிகட்டியது (மிக மெதுவான, மிக வேகமான ஏற்ற இறக்கங்களை நீக்கியது), வடிகட்டாதது, ஒவ்வொன்றிலும் முழுமூளையின் சராசரிச் சைகையை நீக்கியது, நீக்காதது. நான்கையும் இறக்கி வையுங்கள். ஏன் என்பது 6 ஆம், 7 ஆம் படிகளில் தெரியும்.

படி 4: அசைவு

பதப்படுத்திய தரவை எடுத்தாலும் இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். ஸ்கானருக்குள் ஒருவர் தலையைக் கொஞ்சம் அசைத்தாலே சைகை முழுக்க மாறிவிடும். பக்கத்துப் பக்கத்துப் பகுதிகள் ஒன்றாக ஏறி இறங்கும், தூரத்துப் பகுதிகளின் தொடர்பு குறைந்ததுபோலத் தெரியும். 2012 இல் ஜொனதன் பவரும் குழுவினரும் இதை விரிவாகக் காட்டிய பிறகு, அதற்கு முன் வந்த பல முடிவுகளைத் துறையே திரும்பிப் பார்க்க வேண்டியிருந்தது. சிறுவர்களும் நோயாளிகளும் பொதுவாகக் கூடுதலாக அசைவார்கள். அப்படியானால் குழுக்களுக்கு இடையில் நீங்கள் காணும் 'மூளை வித்தியாசம்' வெறும் அசைவு வித்தியாசமாக இருக்கலாம்.

ஏபைட்டின் விபரக் கோப்பில் ஒவ்வொருவரின் சராசரி அசைவும் மில்லிமீற்றரில் தரப்பட்டிருக்கிறது. 0.2 என்ற கடுமையான வரம்பை வைத்து அதற்கு மேல் உள்ளவர்களை நீக்குங்கள். மிஞ்சியவர்களின் அசைவையும் எறிந்துவிடாமல் ஒரு மாறியாகக் கடைசிவரை கூடவே கொண்டுபோங்கள்.

பிறகு ஒருநாள் மூல ஸ்கேனிலிருந்தே தொடங்கினால் எஃப்.எம்.ஆர்.ஐ பிரெப் என்ற மென்பொருளைப் பயன்படுத்துங்கள். அசைவுத் திருத்தம், படம் எடுத்த நேரத் திருத்தம், பொது மூளை வடிவத்துக்குப் பொருத்துவது எல்லாவற்றையும் அது செய்துவிட்டு, ஒவ்வொருவருக்கும் ஒரு பரிசோதனை அறிக்கையும் தரும். அந்த அறிக்கைகளை ஒவ்வொன்றாகத் திறந்து கண்ணால் பாருங்கள். அலுப்பான வேலைதான். ஆனால் நெற்றி வெட்டுப்பட்ட ஒரு மூளையை எந்தச் சராசரியும் உங்களுக்குக் காட்டித்தராது.

படி 5: முனைகளை உருவாக்குவது

ஏபைட்டின் ஒரு பிரிப்பில் மூளை 200 பகுதிகளாக இருக்கிறது. 200 பகுதிகளுக்கு இடையே 19,900 சோடிகள். ஆனால் ஒருவருக்கு நம்மிடம் இருக்கும் நேரப் புள்ளிகள் 180 கூட இல்லை. பகுதிகளின் எண்ணிக்கை நேரப் புள்ளிகளைவிட அதிகமானால் இணைமாறற்றிறன் தாயத்தை நேர்மாறாக்க முடியாது; 6 ஆம் படியில் வரும் பகுதி இணைபுக்கு அது தேவை. மென்பொருள் ஏதோவோர் இலக்கத்தைத் துப்பினாலும் அதற்கு அர்த்தம் கிடையாது. பலர் சறுக்கும் இடம் இது.

அதனால் பகுதிகளை வலையமைப்புகளாகத் திரட்டுங்கள். 2011 இல் தோமஸ் யோவும் குழுவினரும் 1000 பேரின் தரவிலிருந்து மூளைப் புறணியை 7 வலையமைப்புகளாகவும் 17 வலையமைப்புகளாகவும் பிரித்த வரைபடம் இலவசமாகக் கிடைக்கிறது. உங்கள் 200 பகுதிகளில் ஒவ்வொன்றும் அந்த வரைபடத்தின் எந்த வலையமைப்போடு கூடுதலாக மேற்பொருந்துகிறது என்று பார்த்து ஒதுக்குங்கள். பிறகு ஒவ்வொரு நேரத்தொடரையும் நியமமாக்கி, வலையமைப்புக்குள் சராசரி எடுங்கள். இப்போது 7 முனைகள், 21 சோடிகள். கையாளக்கூடிய அளவு.

சராசரிக்குப் பதிலாக முதன்மைக் கூறையும் (பகுதிகளின் மாற்றத்தில் பெரும்பங்கை விளக்கும் ஒரே தொடர்) எடுக்கலாம். எடுத்தால் அதன் குறியைக் கவனியுங்கள். முதன்மைக் கூறின் நேர், மறைக் குறி கணிதத்தில் கட்டுப்பாடில்லாதது. ஒருவருக்கு நேராகவும் இன்னொருவருக்கு மறையாகவும் வந்து, குழுச் சராசரியில் ஒன்றையொன்று அழித்துவிடும். சுயாதீனக் கூறுப் பகுப்பாய்வு வழியில் வலையமைப்பைத் தரவிலிருந்தே கண்டுபிடிப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

படி 6: இணைபு, பகுதி இணைபு

முதலில் வடிகட்டிய, முழுமூளைச் சராசரி நீக்காத தரவை எடுத்து, 7 வலையமைப்புகளுக்கும் இணைபுக் குணகத் தாயத்தைக் கணியுங்கள். ஒருவருக்கு ஒரு தாயம். குழுச் சராசரி எடுக்குமுன் பெறுமானங்களை ஃபிஷர் உருமாற்றத்துக்கு உட்படுத்துங்கள்.

இப்போது முழுமூளைச் சராசரி நீக்கிய தரவிலும் அதையே செய்து, இரண்டு தாயங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இயல்புநிலை வலையமைப்புக்கும் கவன வலையமைப்புகளுக்கும் இடையில் ஓர் எதிர் இணைபு தோன்றுவதையோ வலுப்பதையோ காண்பீர்கள். 2005 இல் இந்த எதிர் இணைபு பெரிய கண்டுபிடிப்பாகப் பேசப்பட்டது. 2009 இல் கெவின் மேர்பியும் சக ஆய்வாளர்களும் முழுமூளைச் சராசரியை நீக்கும் கணக்கே மறைப் பெறுமானங்களைக் கட்டாயமாக உருவாக்கும் என்று நிறுவினார்கள். நீக்காவிட்டாலோ சுவாசத்தின் தாக்கமும் அசைவின் எச்சமும் உள்ளேயே இருக்கும். இதில் எது சரி என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. என் கருத்து: இரண்டு வழியிலும் ஓட்டி, இரண்டையும் அறிக்கையில் காட்டுங்கள். ஒரு வழியில் மட்டும் தெரிகிற முடிவை மூளையின் இயல்பு என்று எழுதாதீர்கள்.

இணைபு ஊடாட்டம் அல்ல என்பதையும் இங்கேயே பார்த்துவிடலாம். வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் ஒரே நேரத்தில் குடைகள் விரிந்தால் ஓர் ஊர் மற்ற ஊருக்குச் சைகை காட்டியது என்று யாரும் சொல்லமாட்டோம், இரண்டிலும் மழை. கணக்கில் பாருங்கள். உதாரணத்துக்கு, இயல்புநிலைக்கும் நிறைவேற்றுக்கும் இடையே இணைபு 0.30, இயல்புநிலைக்கும் முக்கியத்துவத்துக்கும் 0.60, நிறைவேற்றுக்கும் முக்கியத்துவத்துக்கும் 0.50 என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது வலையமைப்பின் பங்கை நீக்கினால் பகுதி இணைபின் தொகுதி 0.30 கழித்தல் 0.60 பெருக்கல் 0.50, அதாவது பூச்சியம். முதலில் கண்ட 0.30 முழுவதும் முக்கியத்துவ வலையமைப்பின் வழியாக வந்தது.

நைலேர்னில் ஒரு சொல்லை மாற்றினாலே இணைபுக்குப் பதில் பகுதி இணைபு வரும். 7 முனைகளுக்கு இது நன்றாக வேலை செய்யும். 200 முனைகளுக்குத்தான் வேண்டும் என்றால் சுருக்க முறைகளோ, பலவீனமான தொடர்புகளைப் பூச்சியமாக்கும் கிராஃபிகல் லாசோவோ தேவைப்படும். ஸ்டீபன் ஸ்மித்தும் குழுவினரும் 2011 இல் விடை தெரிந்த செயற்கைத் தரவில் பல முறைகளைப் பரீட்சித்தபோது, தொடர்பு இருக்கிறதா இல்லையா என்று கண்டுபிடிப்பதில் பகுதி இணைபு முன்னணியில் நின்றது. எளிய முறை என்று அதை ஒதுக்காதீர்கள். கேள்வியில் திசை இல்லையென்றால் இங்கேயே நின்றுவிடலாம், அதில் குறை ஒன்றுமில்லை.

படி 7: திசை

நம் கருதுகோளில் திசை இருக்கிறது. யார் யாரை முடுக்குகிறார் என்று கேட்கிறோம். இரண்டு வழிகள் பிரபலம்.

கிரேஞ்சர் முறை பொருளியலிலிருந்து வந்தது, கிளைவ் கிரேஞ்சர் 1969 இல் கொடுத்தது. ஒன்றின் கடந்தகாலம் மற்றதன் எதிர்காலத்தை எதிர்வுகூற உதவினால் அங்கே தாக்கம் உண்டு என்பது அதன் அடிப்படை. மேலே சொன்ன இன்சுலா ஆய்வும் இதைத்தான் பயன்படுத்தியது. 1 ஆம் படியை நினைத்துப் பாருங்கள். இரத்தம் இன்சுலாவுக்குச் சற்று முந்தியும் சிங்குலேட்டுக்குச் சற்றுப் பிந்தியும் வந்து சேர்ந்தால், நரம்புத் தாக்கம் எதிர்த்திசையில் இருந்தாலும் அம்பு இன்சுலாவிலிருந்தே புறப்படும். ஸ்மித்தின் பரீட்சையில் நேரப்பிந்தல் சார்ந்த முறைகள் பின்தங்கியதும் இதனால் எளிதில் விளங்கும். 2 செக்கன் இடைவெளித் தரவில் கிரேஞ்சரை மட்டும் நம்பித் திசை சொல்வதை நான் ஏற்பதில்லை.

மற்றது டைனமிக் கோசல் மொடலிங், சுருக்கமாக டி.சி.எம். கார்ல் ஃபிரிஸ்டன், லீ ஹாரிசன், வில் பென்னி மூவரும் 2003 இல் வெளியிட்டார்கள். இதில் மொடல் இரண்டு அடுக்காக இருக்கும். கீழடுக்கில் வகையீட்டுச் சமன்பாடுகள்: ஒரு முனையின் நரம்புச் செயற்பாடு மாறும் வேகம் மற்ற முனைகளின் செயற்பாட்டில் எப்படித் தங்கியிருக்கிறது என்று சொல்பவை. மேலடுக்கு அந்தச் செயற்பாடு இரத்தச் சைகையாக மாறுவதை விபரிக்கும், பகுதிக்குப் பகுதி வேறுபட இடம் கொடுத்து. கிரேஞ்சர் கண்டுகொள்ளாமல் விட்ட தாமதம் இங்கே மொடலின் ஒரு பாகம்.

ஓய்வுநிலைத் தரவுக்கு 2014 இல் வந்த ஸ்பெக்ட்ரல் டி.சி.எம் பொருத்தமானது. நேரத்தொடரை நேரடியாகப் பொருத்தாமல், முனைகளுக்கு இடையிலான குறுக்கு மீடிறன் நிறமாலையைப் பொருத்துகிறது. வேகமாக முடியும், சாதாரண லப்டொப்புக்கும் சுமையில்லை. ஓட்டும் முறை இது:

எஸ்.பி.எம் மென்பொருளை நிறுவுங்கள். மென்பொருள் இலவசம், அது ஓடும் மெட்லாப்தான் காசு. அனுமதிப்பத்திரம் இல்லாமலே ஓடும் தனி வடிவமும் எஸ்.பி.எம்முக்கு உண்டு.

முனைகள் நான்கு போதும்: வலது முன் இன்சுலா, பின்புற சிங்குலேட், முன்மூளையின் நடுப்பகுதி, வலது முன்மூளையின் மேற்பக்கவாட்டுப் பகுதி. 200 பகுதிகளின் மைய ஆள்கூறுகளைப் பார்த்து இந்த இடங்களுக்குப் பொருந்துபவற்றைத் தெரிவுசெய்யுங்கள். தெரிவை முடிவுகளைப் பார்க்குமுன் எழுதிவையுங்கள். தரவு வடிகட்டாததும் முழுமூளைச் சராசரி நீக்காததுமாக இருக்கட்டும். வடிகட்டினால் மொடல் பொருத்த வேண்டிய நிறமாலையையே வெட்டிவிடுவீர்கள்.

நான்கு முனைகளுக்கு இடையே 12 அம்புகள் சாத்தியம். ஒவ்வொன்றும் இருக்கலாம் அல்லது இல்லாமல் போகலாம் என்றால் 4096 மொடல்கள். எல்லாவற்றையும் தனித்தனியே ஓட்டத் தேவையில்லை. ஒவ்வொருவருக்கும் 12 அம்புகளும் உள்ள முழு மொடலை மட்டும் மதிப்பிடுங்கள். பிறகு பேய்சியன் மொடல் குறைப்பு என்ற முறை, சில அம்புகளை அணைத்தால் மொடலுக்குத் தரவு தரும் சான்று கூடுமா குறையுமா என்று மறுபடி பொருத்தாமலே கணித்துவிடும்.

அப்புறம் குழு மட்டம். பெப் என்று சுருக்கி அழைக்கும் படிநிலை பேய்சியன் மொடலில், அட்டவணையின் முதல் நிரலில் எல்லோருக்கும் 1, அடுத்த நிரல்களில் வயது, பால், சராசரி அசைவு. இந்த மூன்றையும் சராசரி கழித்து வையுங்கள். இல்லாவிட்டால் முதல் நிரல் குழுச் சராசரியைக் குறிக்காது.

வரும் இலக்கங்களை வாசிக்கும்போது கவனம். இரண்டு முனைகளுக்கு இடையிலான அம்பின் அலகு ஹேர்ட்ஸ், அது வேகம். நேர்ப் பெறுமானம் தூண்டுதல், மறைப் பெறுமானம் தணித்தல். ஒரு முனை தன்மேலேயே கொண்டுள்ள இணைப்பு மட்டும் மடக்கை அளவில் வரும். எப்போதும் தன்னைத் தணிப்பதாகவே அது வடிவமைக்கப்பட்டிருக்கிறது. அங்கே நேர்ப் பெறுமானம் கண்டால் கூடுதல் தணிப்பு என்று பொருள். இந்த வித்தியாசம் தெரியாமல் எழுதப்பட்ட விளக்கங்களை அச்சிலும் காணலாம்.

படி 8: நம்பலாமா என்று சோதிப்பது

இந்தப் படிக்கு நேரம் ஒதுக்காதவர்கள் 7 ஆம் படியைத் தொடவே வேண்டாம்.

முதலில் விடை தெரிந்த தரவில் ஓட்டுங்கள். நீங்களே 12 அம்புகளுக்கும் பெறுமானம் வைத்து, அதே நீளத்துக்கு, அதே இரைச்சலோடு செயற்கைச் சைகை உருவாக்கி, மொடல் அவற்றைத் திருப்பித் தருகிறதா என்று பாருங்கள். 6 நிமிடத் தரவில் சில அம்புகள் சரியாக மீளும், சில மீளாது. மீளாத அம்பைப் பற்றி உண்மைத் தரவில் எதுவும் சொல்லாதீர்கள்.

அடுத்து, மொடல் தரவின் மாறற்றிறனில் எத்தனை வீதத்தை விளக்குகிறது என்று ஒவ்வொருவருக்கும் பாருங்கள். 10 வீதத்துக்குக் கீழே போனால் அங்கே ஏதோ சரியில்லை, பெரும்பாலும் தரவில். பிறகு அசைவுக்கும் ஒவ்வோர் அம்பின் வலிமைக்கும் இடையிலான இணைபைக் கணியுங்கள். பூச்சியத்துக்குக் கிட்ட இருக்க வேண்டும். 21 சோடிகளைச் சோதித்திருந்தால் பல ஒப்பீட்டுத் திருத்தம் கட்டாயம். பொன்ஃபெரோனி முறையில் 0.05 என்ற வரம்பு 0.0024 ஆக இறங்கும்.

கடைசியாக, ஏபைட்டின் இன்னோர் இடத்துத் தரவை இதுவரை தொடாமல் வைத்திருங்கள். எல்லாத் தெரிவுகளையும் உறுதிசெய்த பிறகு ஒரேயொரு தடவை அதில் ஓட்டுங்கள். இன்சுலாவின் அம்புகள் அங்கேயும் அதே திசையில் நின்றால், ஆளியை மாற்றும் கருத்துக்கு நீங்கள் நேர்மையான ஆதரவு கொடுத்திருக்கிறீர்கள். நிற்காவிட்டால் அதையும் அதே விபரத்தோடு எழுதுங்கள். எத்தனை பேரை நீக்கினீர்கள், எந்த முனைகள், ஏன், எந்த வடிவத் தரவு, மென்பொருளின் எந்தப் பதிப்பு என்பதெல்லாம் நீங்கள் எழுதிய கணினி நிரலோடு சேர்ந்து பொதுவில் இருக்கட்டும். ரீட் அவெனியூவிலோ யாழ்ப்பாணத்திலோ இன்னொரு மாணவர் அதை ஓட்டிப் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

படி 9: நம் ஊர்க் கேள்வி

இதுவரை பயன்படுத்தியதெல்லாம் பிற நாட்டவரின் மூளைகள். பொது வடிவமாக எல்லோரும் பயன்படுத்தும் வார்ப்புருவும் மொன்றியலில் 152 பேரின் சராசரியிலிருந்து வந்தது. முறையைக் கையில் பிடித்த பிறகு, இங்கேதான் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றுக்குப் போகலாம். கொழும்பில் ஒரு தமிழ்ப் பிள்ளை வீட்டில் தமிழ், பஸ்ஸில் சிங்களம், வகுப்பில் ஆங்கிலம் என்று ஒரு நாளில் பல தடவை மொழி மாற்றுகிறது. அந்த மாற்றத்தின்போது மொழி வலையமைப்பும் நிறைவேற்று வலையமைப்பும் ஒன்றையொன்று எப்படி மாற்றுகின்றன?

இதற்கு ஓய்வுநிலைத் தரவு போதாது. மூன்று மொழிகளிலும் சிறு கதைத் துண்டுகளைக் கேட்கச் செய்து, சிலவேளை மொழி தொடர்ந்தும் சிலவேளை மாறியும் வரும்படி அமைக்க வேண்டும். டி.சி.எம்மில் ஒலி கேட்பது செவிப்புலப் பகுதிக்குள் நுழையும் உள்ளீடாக இருக்கும். மொழி மாறும் கணம், நிறைவேற்றுப் பகுதியிலிருந்து மொழிப் பகுதிக்குப் போகும் அம்பின் வலிமையை மாற்றும் காரணியாக வைக்கப்படும். ஒவ்வொருவரின் மூன்று மொழித் தேர்ச்சியையும் தனியே அளந்து பெப்பில் ஒரு நிரலாகச் சேருங்கள்.

ஸ்கானர் நேரம் கேட்டுப் போகுமுன் பல்கலைக்கழகத்தின் நெறிமுறை மீளாய்வுக் குழுவின் அனுமதி வேண்டும். சம்மதப் படிவத்தை மூன்று மொழிகளிலும் எழுதுங்கள். தரவை வெளியே பகிரும் எண்ணம் இருந்தால் அதைப் படிவத்திலேயே கேளுங்கள், பிறகு கேட்க முடியாது. பகிருமுன் தலைப் படத்திலிருந்து முக அமைப்பை நீக்கும் மென்பொருளை ஓட்டுங்கள். செயற்கைத் தரவில் செய்த அந்த மீட்புச் சோதனையை விண்ணப்பத்தோடு இணையுங்கள். இத்தனை பேர், இத்தனை நிமிடம் இருந்தால்தான் இந்த அம்பை மீட்க முடியும் என்று கணக்கோடு காட்டினால், நோயாளிகளின் வரிசைக்கு நடுவே நீங்கள் கேட்கும் நேரம் எதற்கு என்று குழுவுக்கு விளங்கும்.